தலைமையாசிரியரின் கழுத்துப் பிடிப்பு

ஜூலை 17, வியாழன்

நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்துக்கு எதிர்வீட்டு ரேகா அக்காவை நான்தான் அழைத்தேன். ஓசூர் கம்பெனிகளில் நின்றே வேலை செய்பவர்களின் முதுகுவலிக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் அவர். அக்கா பேசி முடித்ததும் தலைமையாசிரியர் மேடையிலேயே கழுத்தை நீட்டினார்.

"பிடிச்சுக்கிச்சும்மா, கொஞ்சம் அமுக்கி விடேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து டோக்கன் போடுங்க சார், பாக்கறேன்" என்றார் அக்கா.

"அமுக்கறதுக்கு நாலரை வருசம் படிப்பா!"

மறுபடியும் சிரிப்பு. போன வாரம் வந்த பல் மருத்துவரிடம் இவர் வாயைத் திறந்து காட்டினாரா?

"யாருக்காச்சும் இதைப் படிக்க ஆசை இருக்கா?" என்று அக்கா கேட்டார். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எனக்கு அந்த ஆசை. அது தெரிந்துதான் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த நான் கையைத் தூக்கவில்லை.