வரிச்சட்டையைக் கழற்றாதே

அன்பு மகள் லரிசாவுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், முழங்காலின் கதை கீழே வருகிறது. அந்த ஊர்க் குளிரிலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நீ நடுவராக நின்ற அந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் என்னை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. ரப்பர் வட்டான பக், கோல் காக்கும் கோலியின் காலடியில் உன் கண்ணுக்கு மறைந்தது, விசில் ஊதினாய், அடுத்த கணம் அது நழுவி வலைக்குள் போனது, நம் மாகாண அணி தோற்றது. மறைந்தால் ஊதவேண்டும், ஊதியபின் உள்ளே போனால் கோல் இல்லை, இது உன் தப்பா? காபிக் கடையில் கிழவன் மரி யாகிம்சுக் எல்லோர் முன்பும், ஓரெஸ்ட்டு, உன் மவளுக்கு ஒரு நாய் வாங்கிக் குடு, வழியாவது காட்டும் என்றான். எனக்குப் படிப்பும் குறைவு, பதிலும் உடனே வராது, வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் வரும். அதனால் உன் பழைய நடுவர் வரிச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சனிக்கிழமை பனித்தளத்துக்குக் கிளம்பினேன். உன் அம்மா பார்த்துவிட்டு, செனையா இருக்குற வரிக்குதிர மாதிரி இருக்கீங்க, கழட்டுங்க என்றாள். கழற்றவில்லை.

அங்கே பிள்ளைகள் ஆட்டத்துக்கு நடுவர் வரவில்லை. போன வாரம் பெற்றோர் கத்திய கத்தலில் அந்தப் பையன் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கெயில் என்னைப் பார்த்து, சட்டையப் போட்டுட்டீங்க, ஸ்கேட்டையும் கட்டிக்கங்க, இல்லாட்டி புள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பணும் என்று நீ அங்கே விட்டுப்போன பழைய விசிலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். கோதுமை லாரி ஓட்டுகிறவனுக்கு நேராகப் போகத்தான் வரும், பனியில் திரும்ப வராது. ஆட்டம் தொடங்குமுன்பே விழுந்தேன், முழங்காலில் அடிபட்டது அப்படித்தான். சமநிலையில் ஆட்டம் முடியப்போகும்போது மரியின் பேத்தி அடித்த பக்கின் மேல் கோலி கவிழ்ந்துவிட்டாள். பக் என் கண்ணுக்குத் தெரியவில்லை. யோசிக்குமுன் கை வாய்க்குப் போனது, ஊதிவிட்டேன். பக் அவள் முதுகுப்பக்கமாக வழுக்கி உள்ளே போனது. மரி தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் அறைந்து, குருட்டுக் குடும்பம்டா இது என்று கத்தினான். நீ செய்வதுபோல இரண்டு கையையும் விரித்து, கோல் இல்லை என்று நின்றேன். கையை இறக்கவில்லை.

வெளியே வந்ததும் மரி, உள்ள போச்சுன்னு உனக்கே தெரியும்ல என்றான். ஊதினப்புறம் போச்சு, அதுக்கு முன்ன நான் பாக்கல, பாக்காதத எப்படிடா பாத்தேன்னு சொல்றது என்றேன். முதல்முறையாக அங்கேயே பதில் வந்தது, லரிசா. அடுத்த வாரமும் இவந்தானா என்று கெயிலிடம் கேட்டான். வேற யாரு இருக்கா, நீங்க வர்றீங்களா என்றாள். அவன் காபி வாங்கப் போய்விட்டான்.

நீ போனில், நடுவர் வேலையை விட்டுவிட்டு இங்கே தானியக் கிடங்கு அலுவலகத்தில் சேரப்போகிறேன் என்றாய். உன் அறையில் அம்மா தையல் மெஷினைப் போட்டுவிட்டாள், இடமில்லை. சிறுவர் ஆட்டத்தில் தொடங்கி, ஜூனியர் ஆட்டம் ஏறி, சம்பளம் தரும் லீக் வரை வந்தவள் நீ, மேலே இன்னும் ஒரே படி. அந்த விசிலுக்குத் தண்டனையாக உன்னை ஒரு மாதம் கீழ் லீக்குக்கு அனுப்பினால் அனுப்பட்டும். அங்கேயும் மறைந்தால் ஊது.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் வா, அம்மா உனக்காக முட்டைக்கோஸ் உருண்டை செய்து உறையவைத்திருக்கிறாள். கடவுள் உன் கண்ணையும் கணுக்காலையும் காக்கட்டும். அந்தப் பழைய விசிலைத் திருப்பிக் கேட்காதே, சனிக்கிழமை எனக்கு ஆட்டம் இருக்கிறது.

உன் அப்பா,
ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்