மூன்றாவது ஆணியில் காட்டுமாடு

என் ஆசை எஸ்தர் அக்கா,

நாலு தடவை எழுத ஆரம்பிச்சு எந்திரிச்சுப் போயிட்டேன். உன் ரேடியோ கடைக்கும் வாசலுக்குமா நடக்கிறேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

சின்னமனூருல ஒரு பொம்பளை ரேடியோ ரிப்பேர் பண்றாளேன்னு வேடிக்கை பார்க்கவே ஆளுக வருவாக. நீ நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்ட. ஒருநாள் பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒண்ணைப் பலகையில பொருத்தி, வரிசையா ஆணி அடிச்சு, சத்தம் எழுப்ப ஒரு குட்டி சர்க்யூட் வெச்சு, பேட்டரி மாட்டி, நான் வேலை பார்க்கிற மேகமலை எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துக்கு ஜீப்புல கொண்டுவந்த. ஒயர் முனையால தொட்டா ஆணிக்கு ஒரு சுருதி. கொழுந்து பறிக்கப் போனவுக பிள்ளைக, அஞ்சு வயசு தாண்டாததுக, அதுல சொந்தமா மெட்டுக் கட்டுச்சுக!

சர்ச்சுல பாடிப் பழகுன எனக்குக் கை துறுதுறுங்கும். திருத்தப் போனா, "விடு கிரேஸ், அது அதுக பாட்டு"ன்னு தடுத்துருவ.

கடைசியா நீ வந்தப்போ அதுக கட்டுனது மழைப் பாட்டு. அப்புறம் உன்னை மஞ்சக்காமாலை கொண்டுபோயிருச்சு.

இந்த மழைக்குப் பலகையில ஈரம் இறங்கி, சத்தமே வரல. "அக்கா எப்ப வந்து சரி பண்ணுவாக?"ன்னு காப்பகத்து வாண்டு முத்துலட்சுமி கேட்டா. பலகையைக் கீழ உன் கடைக்குக் கொண்டுவந்து, உன் சாமானை எடுத்து, விரலைச் சுட்டுக்கிட்டு, துருப்பிடிச்சதை மாத்திப் பற்றவெச்சேன். ஆணியோட சுருதியை முடிவு பண்ற ரெசிஸ்டர்ல, அளவு சொல்ற வண்ணக்கோட்டை மாத்திப் படிச்சுட்டேன்போல. கீச்சுன்னு கத்த வேண்டிய மூணாவது ஆணி, அடித்தொண்டையில உறுமுச்சு.

அப்படியே மேல காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். முத்துலட்சுமி தொட்டதும் பிள்ளைக எல்லாம் பின்னால பாஞ்சுச்சுக. "காட்டுமாடு! டீச்சர், காட்டுமாடு வந்திருச்சு!"

மத்தியானத்துக்குள்ள புதுப்பாட்டு தயார். அம்மாமார் வரிசையா மலையேறுறாக, காட்டுமாடு உறுமுது, எல்லாரும் ஓடுறாக. கடைசியில மாடு மட்டும் தனியா நிக்குது. அந்த ஒத்தை உறுமலை நீ கேட்டிருக்கணும்க்கா.

நான் மழைப் பாட்டை வாசிச்சுப் பார்த்தேன். நடுவுல மாடு உறுமுது. எந்த கேசட்லயும் அந்தப் பழைய பாட்டைப் பதியல, அந்தப் பிஞ்சுக் கையில மட்டும்தான் இருந்துச்சு. உன்கூட இருந்து கட்டுனதாச்சே. ஆணியைச் சரி பண்ணிடுறேன்னேன்.

"தொடாதீக டீச்சர்"னு முத்துலட்சுமி பலகை மேல கவுந்து படுத்துக்கிட்டா. "அப்ப மழைப் பாட்டு?"ன்னேன். "அது முடிஞ்சு போச்சு."

எனக்குத்தான் முடியமாட்டேங்குதுக்கா. நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப? சிரிச்சிருப்பியோ?

அந்த ஆணியை நான் தொடமாட்டேன். உன் பழைய சுருதியில வேறொரு பலகை செய்யப்போறேன், எத்தனை தடவை விரல் சுட்டாலும் சரி. மழைப் பாட்டை நான் சொல்லிக்குடுக்க மாட்டேன். அதுல பிள்ளைக என்ன கட்டுமோ, கட்டட்டும்.

உன் கையைப் பிடிச்சே நடந்து பழகுன
தங்கச்சி கிரேஸ்