கூவிய கிட்டார்

நைனாவுக்கு உங்கள் மகன் அரசு வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போனில், “இன்னாடா சொல்ற, ஒண்ணும் கேக்கலியே” என்று நீங்கள் வைத்துவிடுவதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இங்கே ஷில்லாங் ஹாலில் எங்கள் சவுண்ட் கம்பெனிக்கு ஒரு கச்சேரி. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டியதும் ‘கீ’ என்று கூவியது. திருத்தணியில் உங்களோடு ஆடிக் கிருத்திகைக்கு மைக் செட் கட்டிய புத்திதானே எனக்கு! கூவினால் மைக்தான் காரணம் என்று மேடையிலிருந்த மைக்கையெல்லாம் பிடுங்கிவிட்டேன். அப்போதும் கூவியது. கிட்டார்காரர் சிரித்தார். ஸ்பீக்கர் சத்தத்தைக் கிட்டாரே வாங்கித் திருப்பி அனுப்புகிறதாம். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஏற்றும் கெயின் திருகைக் குறைத்து, அவரை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நிற்கவைத்ததும் அடங்கியது. மேனேஜர் கொஞ்சம் கத்தினார், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் பெட்டி தூக்கித் தூக்கித் தோள் அசந்துபோகிறது. தோளில் மடித்துப் போட்டுக்கொள்ள, தங்கச்சி பிரேமாவிடம் சொல்லிப் பொதட்டூர்பேட்டை லுங்கி இரண்டு அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் கட்டிப் பழகியது போதும்.

வேன் வந்துவிட்டது. ஞாயிறு கூப்பிடுவேன். நான் பேசுவது கேட்காவிட்டாலும் போனை வைத்துவிடாதீர்கள், நைனா. நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கும்.

அரசு