கிழக்குச் சுவரில் ஒரு கதவு

குடியேற்ற நாள் 212, காலை 7.30
பதிவு: உலகம்மை, கட்டுமானப் பொறியாளர், கொண்டல் கிரகம், முதல் முகாம்.
வடகாற்று, மணிக்கு 38 கி.மீ. பொதுக்கூடம்: கிழக்குச் சுவரின் உச்சி நகர்வு 1 மி.மீ., மேற்குச் சுவர் 1 மி.மீ. எல்லாம் ஒழுங்கு.

இதை யார் எடுத்து வாசிக்கப் போறீங்களோ, ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. இங்கே சிமெண்டு கிடையாது. இரும்பு, கப்பலில் வந்ததோட சரி. நாங்களே வளர்த்த மரத்தில் மெலிசாச் சட்டம் கோத்து, அதுமேல பலகை வச்சு ஆணி அடிச்ச சுவர்தான் எல்லாமே. சட்டத்தைத் தட்டிப் பார்த்துட்டு "இது தாங்குமா"ன்னு கேட்காத ஆள் இல்லை. காத்துக்குச் சுவர் சாயாம நிக்கிறது சட்டத்தால இல்லை, பலகையால. பலகையைப் பிடிச்சிருக்கிற ஆணியால. ஓரத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு ஆணின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அளந்து பார்த்தா ஒன்பது, சில இடத்தில் பத்து. கை வலிக்குதாம்.

புயல் வந்தா முப்பத்துநாலு பேரும் கூடத்தில்தான் இருக்கணும். மத்த சுவர்ல வாசல், இல்லைன்னா தலை நுழையாத சன்னல் வரிசை; ஓட்டை ஒடைசல் இல்லாத முழுச் சுவர் கிழக்குச் சுவர் ஒண்ணுதான். வடக்கே இருந்து தெற்கே நீளமா ஓடுறதால, வடகாற்று தள்ளுறதைத் தாங்கி நிக்கிற காவல் அதுதான்.

நாள் 240, பகல் 11.00
காய்ச்சலில் மூணாவது சாவு. இந்தத் தடவை தாணு, என் வீட்டுக்காரர். முந்தாநாள் வரைக்கும் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில உப்பு இல்லைன்னு குறை சொன்ன மனுசன்.
இன்னைக்கு அளவு எடுக்கலை.

நாள் 251, மாலை 4.15
காற்று 44. கிழக்கு 1. மேற்கு 1.
முகாம் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி கூட்டம் போட்டார். கூடத்துக்குத் தெற்கு வாசல், அது எமன் திசை, அதான் வரிசையாப் போகுதுன்னு பேச்சு. தெற்கை அடைச்சுட்டுக் கிழக்கே வாசல் வைக்கணுமாம். சூரியனையே மாத்திட்டு வந்திருக்கோம், எமன் மட்டும் பின்னாலேயே கப்பல் ஏறி வந்துட்டாராக்கும்னு கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கலை. தண்ணித் தொட்டியில்தான் கிருமின்னு டாக்டர் பரிசோதனைத் தாளை நீட்டிக் காட்டினார். சரி, தொட்டியையும் கழுவுவோம், வாசலையும் மாத்துவோம்னு முடிவாச்சு.

முழுச் சுவரை நடுவில வெட்டினா அது ரெண்டு துண்டுச் சுவர். காத்துத் தள்ளும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கத்துக் காலைத் தூக்கும். தூக்காம இருக்க, அடியில் இரும்புப் பிடி போட்டுத் தரையோட முடுக்கணும். எட்டுப் பிடி வேணும். கிடங்கில் இருக்கிறது நாலு. அடுத்த கப்பலுக்குப் பதினஞ்சு மாசம். இதை எல்லார் முன்னாலயும் சொன்னேன்.

அண்ணாச்சி மரியாதையாத்தான் கேட்டார். "நீங்க சரின்னு எழுதிக் குடுத்தா வெட்டுவோம்மா. இல்லைன்னா தொடமாட்டோம்."

நாள் 256, காலை 10.00
எழுதிக் கொடுத்துட்டேன்.
ஐம்பது வருசத்துக்கு ஒருதடவை இங்கே 210 கி.மீ. காற்று வரும்னு ஆய்வுக்குழு கணிச்சிருக்கு. அதைக் கணக்கில் போட்டா நாலு பிடி போதாது. போன வருசம் அடிச்சது 140. அதைப் போட்டா போதும். 140 போட்டேன்.

நாள் 270, காலை 6.10
புது வாசல். பால் காய்ச்சினாங்க. தெற்கு வாசலை வெளிப்பக்கம் பலகை வச்சு அடைச்சாச்சு. ரெண்டு வாரமா ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. எதிர்ப்படுற எல்லாரும் என்னைப் பார்த்து, பார்த்தியாங்கிற மாதிரி தலையை ஆட்டுறாங்க. தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினது யார் ஞாபகத்திலயும் இல்லை.

நாள் 318, காலை 9.40
புயல். முப்பது பேர் கூடத்தில். நான் கருவி அறையில். அறுபது மீட்டர் தள்ளிப் பாறையைக் குடைஞ்ச குழி இது. நெருக்கியடிச்சு நின்னா எல்லாரும் இதுக்குள்ள நிக்கலாம்.
காற்று 122. கிழக்கு 9. மேற்கு 7.

11.20
காற்று 151. கிழக்கு 19. இருபத்தஞ்சைத் தாண்டினா ஆணி பலகையைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும்.
ரேடியோவில் கூப்பிட்டேன். நடுவில கயிறு கட்டியிருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா இங்கே வந்துடுங்கன்னேன். அண்ணாச்சி பதில்:
"நீங்களே கணக்குப் போட்டுக் குடுத்த சுவரும்மா. அதை விட்டுட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இந்தக் காத்துல எதுக்கு ஓடணும்?"

11.35
காற்று 157. கிழக்கு 23.
சொல்லிட்டேன். "அது பொய்க் கணக்கு அண்ணாச்சி. நூத்தி நாப்பதுக்கு மேல தாங்காது. தெரிஞ்சேதான் எழுதினேன்."
இரைச்சலுக்கு நடுவில அண்ணாச்சி குரல்:
"தாணு போனதிலிருந்து நீங்க சரியாத் தூங்கலை. பதறாதீங்கம்மா. நாங்க நல்லாத்தான் இருக்கோம்."
அந்தக் குரலில் அவ்வளவு பரிவு. என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

12.05
காற்று 168. கிழக்கு 34. இப்போ நம்புறாங்க. வடக்குத் துண்டு காலைத் தூக்கிடுச்சு, இடுக்கில கை போகுதாம். சுவர் சாய்ஞ்சதில் நிலைச்சட்டம் கோணி, கிழக்குக் கதவு இறுகிப் போச்சு. பத்துப் பேர் சேர்ந்து இழுத்தும் அசையலை.
தெற்குப் பலகையில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு ஆணின்னு கேட்டேன்.
"மூணும்மா. எமன் வாசலாச்சேன்னு நெருக்கி அடிச்சோம்."
சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. பாவி, சிரிச்சேன். இந்த முகாமிலேயே ஒழுங்கா ஆணி அடிச்ச இடம் அது ஒண்ணுதான்.

12.12
கிழக்கு 47. கடப்பாரை எடுத்தாச்சு, இடுப்பில் கயிறு கட்டியாச்சு. வெளியே இருந்துதான் பிடுங்க முடியும். நூறு ஆணியாவது இருக்கும். நேரம் பத்தாதுன்னு எனக்குத் தெரியும், இந்தக் கணக்கை மாத்தி எழுத முடியாது.

வாசிக்கிறவங்க எங்க ஆளுங்களை மூடநம்பிக்கைக்காரங்கன்னு எழுதிவச்சுட்டுப் போயிடாதீங்க. அவங்க என்னைக் கேட்டுட்டுத்தான் வெட்டினாங்க. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க.

காய்ச்சல் வர்றதுக்கு முந்தி ஒருநாள் தாணு வெந்நீர்தான் கேட்டார். எனக்கு அளவெடுக்கப் போற அவசரம். தொட்டியில இருந்து அப்படியே மொண்டு கொடுத்தேன். டாக்டர் அந்தத் தாளைக் காட்டினதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. வாசல்தான் கொன்னுச்சுன்னு ஊரே சொன்னப்போ, கணக்குப் படிச்ச எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வாசல் மாறணும்னு அவங்களைவிட எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு. அதான் நூத்தி நாப்பது போட்டேன்.

கிழக்கு 52. தெற்குப் பலகையை உள்ளேயிருந்து தட்டுறது ரேடியோவில் கேட்குது. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. இதோ வந்துட்