ஆற்றுக்கே திரும்பிப் போன அரிவாள்

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் உன் மனைவி உன் கையுறைகளை என்னிடம் கொடுத்தார். துவைத்தும் கிள்ளான் ஆற்றுச் சேறும் துருவும் கலந்த வாடை போகவில்லை. "அவரு இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு, அண்ணே" என்றார். வாங்கிக்கொண்டு, ஊற்றி வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு என்றால் நமக்கு ஆறுதான். ஆற்றடியில் கிடக்கும் இரும்பை எடுக்க, கயிற்றில் காந்தத்தைக் கட்டி வீசுவோம். சைக்கிள் சங்கிலி, பூட்டு, கம்பி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். தூண்டில்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீயோ சட்டம் பேசிக்கொண்டிருப்பாய். கயிற்றைக் கையில் சுற்றாதே. குண்டு மாதிரி எதுவும் வந்தால் தொடாதே, தள்ளிப்போய் போலீசைக் கூப்பிடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "மேல வந்தது மறுபடி தண்ணிக்குப் போகக்கூடாதுலா." உனக்கு நான் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

அன்று ஓர் அரிவாள் வந்தது. பிடியில் சிவப்புத் துணி. வீடு மாறிய யாரோ முனீஸ்வரருக்கு வைத்திருந்ததை ஆற்றில் விட்டிருக்கிறார்கள். வாளியில் போடு, காப்பார் ஊர் முனீஸ்வரர் கோயிலில் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனாய். வாளி என் வீட்டுக்குத்தான் வரும். சாமி சாமானோடு ஓர் இரவா என்று எனக்குப் பயமாகிவிட்டது. கும்பிட்டுவிட்டு, கரையோரத்திலேயே மெல்ல விட்டுவிட்டேன். கோயிலில் கொடுத்தாயா என்று பிறகு நீ கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு காந்தம் அதே கரையோரத்தில் சிக்கிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. என்னைத் தண்ணீரில் கால் வைக்க விடாதவன், செருப்போடு நீயே இறங்கினாய். "இந்த எடத்த நாமதான் போன வாரம் சுத்தம் பண்ணிட்டோமே" என்றாய். இறங்காதே என்ற சொல் என் வாய்வரை வந்தது. பொய் வெளியே வந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

அந்த அரிவாளில் உன் பாதம் ஆழமாகக் கிழிந்தது. உனக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய்; புண் ஆறவே இல்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்கால்வரை. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றும் நான் உன் கட்டிலருகேதான் உட்கார்ந்திருந்தேன். எவனோ இரும்பைத் திரும்பப் போட்டிருக்கிறான் என்று நீயே கணித்திருந்தாய். "அவன் யாருன்னு தெரிஞ்சா திட்டாதடா. ஏதோ பயத்துல போட்டிருப்பான். இனிமே போடாதன்னு மட்டும் சொல்லு." நான் தலையாட்டினேன்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் தனியாகப் போய் அந்த அரிவாளை இழுத்தெடுத்தேன். காப்பார் பூசாரி எதுவுமே கேட்கவில்லை. வாங்கி, மற்ற அரிவாள்களோடு சாத்தி வைத்துவிட்டு, நெற்றியில் விபூதி பூசினார். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் உன்னைப் பறிகொடுத்தேன்.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். ஓர் ஆணியைக்கூடத் தண்ணீருக்குத் திருப்பி விடுவதில்லை. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நண்பன் சொன்னது என்பேன். அதற்குமேல் சொன்னதில்லை.

கையுறைகள் மேசைமேல் இருக்கின்றன. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. நாளைக் காலை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகிறேன். நீ திட்டாதே என்று சொன்ன அந்த ஆள் யாரென்று உன் மனைவியிடம் சொல்லப்போகிறேன். கேட்ட பிறகும் இவற்றை எனக்கே கொடுப்பாரா என்று தெரியாது. இன்னொரு தடவை கழுவி, எடுத்துக்கொண்டு போகிறேன்.