அக்கா தைத்த போர்வை

ஜூன் 3
மகனுக்குப் புதுப் போர்வை வாங்கி வந்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மூத்த ஓரகத்தி – அக்கா என்றுதான் கூப்பிடுவேன் – பழைய சட்டை, பாவாடை, தலையணை உறை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தாளே, அதுதான் வேண்டுமாம். "பெரியம்மா போர்வை" என்று அதில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஜூன் 5
கார்மெண்ட்ஸில் ஒன்பது வருடமாகச் செக்கிங் பார்ப்பவள் நான். அந்தப் போர்வையில் ஒரு தையலாவது நேராக இருக்கிறதா? நீலத் துண்டு கோணல். ஓரமெல்லாம் சுருக்கம். இவரும் அதற்குள்ளேயே போய்ச் சுருண்டுகொள்கிறார்! வயிறு எரிகிறது.

ஜூன் 12
நானும் ஒன்று தைத்தேன், மெஷினில். அச்சடித்த மாதிரி வந்தது. "எவ்வளவு அழகு!" என்றார்கள் வீட்டில் எல்லோரும். அழுக்காகிவிடுமென்று பீரோவில் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 19
துணிக்கடைக்காரம்மா அக்காவிடம் அதேபோல் பத்துப் போர்வை கேட்டிருக்கிறார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.
"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் தைக்கறது கடையில வைக்கற மாதிரி இருக்கா?"
"இல்லக்கா. ரெண்டு தடவை துவைச்சா பிரிஞ்சுடும். மானம் போயிடும்."
அந்தப் போர்வையை மூன்று வருடமாகத் துவைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜூன் 20
வேலை ஓடவில்லை.

ஜூன் 22
சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அக்கா கூடத்தில் உட்கார்ந்து மகனின் போர்வையைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பாதி போய்விட்டது.
"கெட்டியாத் தைச்சுப் பழகப் போறேன். கடைக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்."
மகன் மூலையில் விசும்புகிறான். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்?

ஜூன் 23
சொல்லிவிட்டேன். "பொய் சொன்னேன்க்கா. பொறாமை. என் பிள்ளை உங்கிட்டயே ஒட்டிக்கிட்டானேன்னு..." திட்டுவாள் என்று நின்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.
கடைக்கு ஓடினேன். வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்றாம். கெஞ்சினேன். "சரி, மூணு தைக்கச் சொல்லு, பார்ப்போம்" என்றார் கடைக்காரம்மா.

ஜூலை 2
அக்கா தைக்க ஆரம்பித்துவிட்டாள். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் அவள் மடியில்தான். பொறாமை போய்விட்டதா? எதற்குப் பொய் – போகவில்லை. சமையலை முடித்துவிட்டுப் போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.
ஒரு ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டு, நிமிராமலே, "அந்தப் பச்சைத் துண்டை இப்படிக் குடு" என்றாள்.
எடுத்துக் கொடுத்தேன்.