மேடையில் கேட்ட டொப்

இன்று காலை பதினொரு மணிக்குக் கொரியர்க்காரர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. பேக்கிங் மேசையிலேயே வைத்து டேப்பைக் கிழித்தேன். உள்ளே அடைத்திருந்த காகிதச் சுருளையெல்லாம் வாரி எறிந்துவிட்டு, பீங்கான் பறவையை வெளியே எடுத்தேன். "பேரப் படிடி, மொதல்ல பேரப் படி" என்று ரேவதி குதித்தாள். நான் படிக்கவில்லை. நடுவிரலை மடக்கி, பறவையின் வயிற்றில், நீ தட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினேன்.

கிண்!

அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது. எத்தனை நேரம் நின்றது தெரியுமா அந்தச் சத்தம்! உன்னிடம் இதைச் சொல்லாமல் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. அதனால்தான் பேக்கிங் சீட்டுகளின் பின்பக்கத்திலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குப் பாட வராது. இப்படி எழுதுகிறேனே என்று நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். நீயே ஊர் பூராவும் சொல்லித் திரிந்தவள்தானே. "நான் வாயத் தொறந்தா எங்க கம்மாபுரத்துல சுரங்க மிஷினே நின்னுடும்" என்பாய். ஆனால் உன் காது வேறு ரகம். சூளையிலிருந்து வந்த, மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களை மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவாய். கிண் என்றால் நீல மெழுகுப் பென்சிலால் ஒரு டிக். டொப் என்றால் பின்னாலிருக்கும் கழிவுத் தொட்டிக்குப் பறக்கும். சூப்பர்வைசர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"நல்லாத்தானம்மா இருக்குது?"

"பாக்க நல்லாத்தான் இருக்குது சார். உள்ள விரிசல் வுட்டிருக்குது."

அவர் உடைத்துப் பார்ப்பார். விரிசல் இருக்கும். ஒரு தடவைகூட நீ தோற்று நான் பார்த்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

நம் தாளமே அந்தத் தட்டலில்தான் பிறந்தது. மத்தியான இடைவேளையில், கிண் கிண் டொப், கிண் கிண் டொப் என்று நீ மிச்ச வேலையை முடித்துக்கொண்டிருக்க, மாதா கோயில் பாடற்குழுவில் பாடிப் பழகிய ஸ்டெல்லா அதற்கு மேல் முனகினாள். ரேவதி வார்த்தை போட்டாள். நான் மெட்டை இழுத்துக்கொண்டு போனேன். ‘சூளைப் பொண்ணுங்க’ என்று பெயர் வைத்தது நீ. போனில் எடுத்த வீடியோ எங்கெங்கோ போனது. பெண்ணாடத்தில் ஒரு ஷீல்டு, ஸ்ரீமுஷ்ணத்தில் சால்வையோடு ஒரு ஷீல்டு, பிறகு ஓர் ஆன்லைன் சேனல் வாக்கெடுப்பில் ஜெயித்த தங்க நிறக் கோப்பை. நாங்கள் மூவரும் தலைகால் புரியாமல் ஆடினோம். நீ ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் தட்டினாய். "பிளாஸ்டிக்குடி. இதுல தட்டறதுக்கு என்னா இருக்குது? பீங்கான்ல ஒண்ணு வாங்கினு வாங்க, அப்ப டிக் போடறேன்."

அப்புறம்தான் சென்னையிலிருந்து பாட்டுக் கம்பெனி வந்தது. நம் பாட்டை எடுத்துக்கொண்டுபோய், தட்டல் சத்தத்தையெல்லாம் கழித்துவிட்டு, வழவழவென்று செய்து அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பெண்கள் பாடுகிற மாதிரியே இருந்தது. எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீ ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, கடைசிவரை கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தாய்.

"டொப்."

எனக்கு வந்ததே கோபம்! "பாட வராதவளுக்கு என்னாடி இவ்ளோ வாயி?" என்று கத்திவிட்டேன். எல்லார் எதிரிலும். நீ அடுத்த இன்சுலேட்டரை எடுத்தாய். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பஸ்ஸில் வரும்போது அந்தப் பாட்டை மறுபடி கேட்டேன். நீ சொன்னது சரி. அதில் நாம் இல்லை. நேரே உன் மேசைக்கு வந்து நின்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓர் இன்சுலேட்டரை என் பக்கம் தள்ளி, "தட்டு" என்றாய். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. கம்பெனியோடு மல்லுக்கட்டி, இந்தக் கொட்டகையிலேயே மைக் வைத்து, கிண்ணும் டொப்புமாக மறுபடி பதிவு செய்தோம். அதைக் கேட்டு முடித்ததும் நீ என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் பென்சிலை அழுத்தி ஒரு டிக் போட்டாய். அன்று முழுக்க நான் அந்தக் கையைக் கழுவவில்லை. சாப்பாட்டை ஸ்டெல்லா ஊட்டிவிட்டாள்.

இப்போது என்னை அறுத்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டுக்காகப் போட்ட இசை விருதுப் படிவத்தை நிரப்பியது நான். பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் என்று கட்டங்கள். உன்னை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. "எனக்கு எதுக்குடி கட்டம்? நான் என்னா பாடினேனா?" என்றாய். விட்டது தொல்லை என்று மூன்று பெயரோடு அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் ஆவதற்குள், பத்தே நாள் காய்ச்சலில், நீ போய்விட்டாய். உன் வீட்டில் எல்லாரும் அழுதபோது எனக்கு அந்தப் படிவம்தான் கண்ணில் நின்றது. உன் பெயரையும் சேர்க்கச் சொல்லி விழாக்குழுவுக்கு இரண்டு தடவை போன் செய்து கெஞ்சினேன். படிவத்தில் இருக்கும் பெயர்கள்தான் விருதின் தகட்டில் வரும் என்றார்கள்.

விழாவுக்குப் போனோம். ‘சிறந்த புதிய பெண்கள் குழு’ என்று சொல்லி நம் பெயரைக் கூப்பிட்டார்கள்! ஸ்டெல்லா போட்ட கூச்சலில் பக்கத்து இருக்கைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ரேவதி புடவை தடுக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். தொகுப்பாளர் என் கையில் விருதைக் கொடுத்தார். வெள்ளைப் பறவை, கீழே மரக்கட்டை, அதில் பித்தளைத் தகடு. தொட்டதும் தெரிந்துவிட்டது, பீங்கான். நீ கேட்ட பீங்கான்! என் விரல் தானாக மடங்கிவிட்டது. எதிரே மைக் இருப்பதை மறந்து தட்டிவிட்டேன்.

டொப்.

அரங்கம் முழுக்கக் கேட்டது. "ஐயோ, இதுல விரிசல் இருக்குது" என்று என் வாயும் சொல்லிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். தொகுப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டார். எப்படிச் சொல்கிறேன்? உன்னால்தான் சொல்கிறேன். உன் பெயரை இனிஷியலோடு சொன்னேன். "எங்க குரூப்பு மூணு பேரு இல்லீங்க, நாலு பேரு. அவ பாட மாட்டா. எங்க பாட்டத் தட்டிப் பாப்பா. அவ தூக்கிப் போட்டத நாங்க பாடினதில்ல. படிவத்துல அவ பேர எழுதாம வுட்டது நான்தாங்க" என்றேன். முன்வரிசையிலிருந்த வயதான இசையமைப்பாளர் ஒருவர் மேடைக்கு ஏறி வந்தார். பறவையை வாங்கி, காதோரம் வைத்து, தானும் ஒரு தட்டுத் தட்டினார். "அந்தப் பொண்ணு இருந்திருந்தா இத பாஸ் பண்ணியிருக்காது" என்றார். அதற்கு எழுந்தது பார், அப்படி ஒரு கைத்தட்டல்! அது உன் காதுக்குக் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து விழாக்குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்து, வேறு விருது அனுப்புவதாகச் சொன்னார். நினைவாக இதுவே இருக்கட்டும் என்றார்கள் ஸ்டெல்லாவும் ரேவதியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டொப் என்றதை நீ வீட்டுக்குள் விடுவாயா? புதுத் தகட்டில் நாலாவது பெயர் வந்தால் இதைத் திருப்பி அனுப்புகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "சரி மேடம். அவங்களையும் பாடகின்னு போட்டுடலாமா?" என்றார்.

"அய்யய்யோ, அப்படி மட்டும் போட்டுடாதீங்க!" என்றேன். பிறகு என்ன போட வேண்டும் என்று சொன்னேன்.

இன்று தட்டி முடித்த பிறகுதான் தகட்டைப் பார்த்தேன். பாடியவர்கள் என்று எங்கள் மூவர் பெயர். அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், உன் பெயர். அதன் பக்கத்தில், ‘தட்டிப் பார்த்தவர்’. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். ரேவதி ஓவென்று அழுதாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை, சூப்பர்வைசர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

உன் நீலப் பென்சிலைப் பத்தாம் நாள் காரியத்தன்று உன் அம்மா என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து கைப்பையில்தான் இருக்கிறது. ஒரு தடவைகூட எடுத்து எழுதத் துணிச்சல் வரவில்லை. இன்று எடுத்தேன். பறவையைத் தலைகீழாகப் பிடித்து, அடிக்கட்டையில் ஒரு டிக் போட்டேன். கோணலாக வந்துவிட்டது. பரவாயில்லை. எனக்கு டிக் போட வராது, உனக்குப் பாட வராத மாதிரி. சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்ததும் மூன்று பேரும் இதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறோம். அங்கேயே இருக்கட்டும். பென்சில் மட்டும் என்னிடம் இருக்கும்.